மகளுக்குத் தெரியாமல் மடித்த பொட்டலங்கள்

பாப்பா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் உனக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முப்பது வயதைத் தாண்டிய குழந்தை மருத்துவரை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவதா என்று நீ எத்தனையோ முறை என்னிடம் சண்டை பிடித்திருக்கிறாய். "நைனா, பேஷன்ட் எதிர்ல அப்படிக் கூப்டாத. யாரு டாக்டர், யாரு கொழந்தன்னு அவங்களுக்கே கொழம்பிப் போவுது" என்பாய். வேறு நாளாக இருந்தால் மரியாதையாக 'டாக்டர் அம்மா அவர்களுக்கு' என்றே ஆரம்பித்திருப்பேன். இன்றைக்கு அப்படி எழுதினால் எழுதுகிறவன் குற்றவாளி, படிக்கிறவர் நீதிபதி என்பது போல ஆகிவிடும். அதுதான் உண்மை என்பதால்தான் தவிர்க்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை சென்னையில் உன் படிப்பின் கடைசி நாள் வகுப்பு. அன்றைக்கு நீ உன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகிறாய். சளி, இருமல், காய்ச்சல் என்று உன்னிடம் வந்த நாற்பது குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் பார்த்தேன், ஒன்றைத் தவிர எல்லோருக்கும் தானாகக் குணமானது என்று அதில் எழுதியிருக்கிறாய். அந்த நாற்பதில் பதினான்கு குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் போயிருக்கிறது. கொடுத்தவன் நான். உன் கிளினிக்கின் சுவரோடு சுவராக இருக்கும் நம் மருந்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு, உன் முதுகுக்குப் பின்னால் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். சொல்லிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நடுவில் ஒரு ஜோக் வந்துவிடும், நீ சிரித்துவிடுவாய். சிரித்துக்கொண்டிருப்பவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? இந்த வாயை வைத்துக்கொண்டு ஐம்பத்தாறு வருஷம் தப்பித்து வந்திருக்கிறேன், கையால் எழுதினால்தான் மாட்டுவேன் என்று உங்கம்மா சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவள் அல்லவா, செய்த சோதனையை நோட்டில் எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்பது அவள் கட்சி. இன்னொன்றும் உண்டு. இந்தக் கடிதத்தின் நகலைக் கடைக் கண்ணாடியில் ஒட்டப் போகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஆகவே பஜாரில் நின்று படிக்கும் உத்திரமேரூர்ப் பெருமக்களே, நீங்களும் படிக்கலாம். கண்ணாடியில் மட்டும் சாயாதீர்கள். குழந்தைகளின் பெயரை இதில் எழுதவில்லை. ஊர்ப் பெயரையாவது எழுத விடு என்று உங்கம்மாவிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். பெயர் சொல்லாமல் ஊர்க்கதை பேசுவது எனக்கு உப்பில்லாத கூழ் மாதிரி. இருந்தாலும் குடிக்கிறேன்.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்தபோது முதலில் சிரித்தவன் நான்தான். குழந்தைகளுக்கு வரும் தொற்று நோய்கள் பற்றி டாக்டர்களுக்கென்றே ஒரு மேற்படிப்பு, பகுதி நேரம், கிளினிக்கை மூட வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும் என்று நீ சொன்னதும், "கம்ப்யூட்டர்ல நீச்சல் கத்துக்கற மாதிரியா?" என்று கேட்டேன். நீ என்னை மோடத்துக்குக் காவல் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரடி வகுப்பு. அந்தப் பெட்டியில் நான்கு விளக்கு எரிய வேண்டும், மூன்றாவது அணைந்தால் நான் குரல் கொடுக்க வேண்டும். ரெண்டு வருஷம் அந்த மூன்றாவது விளக்கைப் பார்த்தே என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று. நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கென்யா டாக்டரோடும் நேபாளத்து டாக்டரோடும் பேசுவாய். வாந்தி, பேதி, அம்மை, மூளைக் காய்ச்சல் என்று உலகத்துக் குழந்தைகளின் உபாதையெல்லாம் உன் கிளினிக் உள் அறைக்கு வந்து போகும். பாதி காதில் விழும், பாதி விழாது. விழுந்த பாதியிலேயே நான் அரை டாக்டரிலிருந்து முக்கால் டாக்டராக உயர்ந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. இந்த முழு வினைக்கும் விதை அதுதான்.

ஒரு நாள் நீ அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "இன்னாயா, டாக்டரம்மா தனியா பேசிக்கினு சிரிச்சிக்கினு கீது? யாரையாவது கூப்ட்டு மந்திரிக்கக் கூடாதா?"

"அது படிக்குதும்மா."

"டாக்டரானப்புறம் இன்னா படிப்பு? இன்னும் பாஸே ஆவலியா?"

சாயங்காலத்துக்குள் நம் பஜார் முழுக்க நீ 'பாஸ் ஆகாத டாக்டர்' ஆகிவிட்டாய். யார் கிளப்பிவிட்டது என்று ஒரு மாதம் தேடினாயே, ஞாபகம் இருக்கிறதா? டீக்கடையில் அதை ஜோக்காகச் சொன்னது நான்தான். பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிற சாக்கில் சின்னக் குற்றங்களையும் இதிலேயே சேர்த்துவிடுகிறேன். தபால் செலவு ஒன்றுதானே.

படிக்கப் படிக்க நீ மாறிப்போனாய். முன்பெல்லாம் நீயும் மற்றவர்களைப் போலத்தான் எழுதிக் கொடுப்பாய். அப்புறம் ஊசியை நிறுத்தினாய். பிறகு சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதை நிறுத்தினாய். இது வைரஸால் வருவது, மருந்து கொடுத்தாலும் ஒரு வாரம், கொடுக்காவிட்டாலும் ஒரு வாரம், தேவையில்லாமல் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிப்போய் நாளைக்கு நிஜமாகத் தேவைப்படும்போது வேலை செய்யாது என்று ஒவ்வொரு தாயிடமும் கால் மணி நேரம் பேசினாய். மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு, அடிக்கடி பால், மூச்சு வாங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே ஓடி வா என்று ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுத்தாய். சம்மதம் கேட்டுக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் போன் போட்டு விசாரித்தாய். அப்படிச் சேர்ந்தவைதான் அந்த நாற்பது அட்டைகள். அடுத்த தெரு ஊசி டாக்டரிடம் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. உன் வாசலில் நாய் படுத்துக்கொண்டது. நீ அதற்கும் அசரவில்லை.

நான் அசந்தேன். முப்பத்தைந்து வருஷமாக நம் கடையில் நடப்பது வேறு வழி. யாராவது வந்து "அண்ணே, கொழந்தைக்கு ரெண்டு வேளைக்குக் குடு" என்பார்கள். காய்ச்சல் மாத்திரை கால், சளி மாத்திரை கால், ஆன்டிபயாடிக் அரை, இதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் ஒரு செட். டாக்டர் சீட்டுக் கிடையாது, பெயர் கேட்பது கிடையாது, கண்ணை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். நீ பிறப்பதற்கு முன்பே என்னை இந்த ஊரில் சில பேர் டாக்டர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மருந்தாளுநர் பரீட்சையில் ரெண்டு தரம் தவறியவனுக்கு அது எவ்வளவு குளிர்ச்சியான பட்டம் என்று முதல் தரமே எல்லாவற்றிலும் தேறிய உனக்குத் தெரியாது.

முதல் பொட்டலம் பெருநகர்ப் பெண்ணுக்கு. இருபத்தைந்து வயது இருக்கும், கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வெயிலில் பஸ் பிடித்து வந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, உன் கால் மணி நேரப் பேச்சையும் கேட்டுவிட்டு, மஞ்சள் அட்டையோடு வெளியே வந்து என் கடை எதிரில் நின்றாள். போகவும் இல்லை, கேட்கவும் இல்லை.

"இன்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. வெறுங்கையோட போனா எங்க மாமியா இன்னா சொல்லுவாங்கனு நெனச்சிக்கினு நிக்கறேன். அட்டைய கரைச்சா குடுக்க முடியும்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. "டாக்டரம்மாதான் குடுக்கச் சொன்னாங்க, மறந்துட்டாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி ஒரு செட் மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் இரக்கம் ஒரு பங்கு, ஊசி டாக்டரிடம் போய்விடுவார்களே என்ற பயம் ஒரு பங்கு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரிய பங்கு அது இல்லை. கிளினிக் போர்டில் உன் பெயர் ஏறின நாளிலிருந்து என்னை யாரும் டாக்டர் என்று கூப்பிடவில்லை, அதுதான்.

இதில் என் சாமர்த்தியத்தைக் கேள். வழக்கமான கவரில் கடையின் பெயர் அச்சாகியிருக்கும், மாட்டிக்கொள்வேன். அதனால் அச்சு சரியாக விழவில்லை என்று நீ தூக்கிப்போட்ட உன் பாடத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். பதினாறு தாள். ஒன்றுக்கு ஒன்று என்று மடித்ததில் இப்போது இரண்டு மிச்சம், அதனால்தான் பதினான்கு என்று அடித்துச் சொல்கிறேன். அந்தப் பாடம் எதைப் பற்றியது என்று நேற்றுதான் உங்கம்மா படித்துச் சொன்னாள். சளிக்கு ஏன் ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது என்பதைப் பற்றியதாம். தாளுக்குத் தாள் ஓரத்தில் ஒரு மாத்திரை படம் போட்டுக் குறுக்கே கோடு அடித்திருக்கிறது. நான் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்தேன்.

ஒளித்துக் கொடுப்பது எனக்குப் புதிதில்லை. உனக்கு ஆறு வயதில் அம்மை போட்டபோது, விஞ்ஞான ஆசிரியையான உன் தாய் வாசலில் வேப்பிலை செருகி, மருந்தைக் கண்ணில் காட்டக்கூடாது என்று உத்தரவு போட்டாள். உடம்பு கொதிக்கிறதே என்று நான் காய்ச்சல் மருந்தை இளநீரில் கலந்து கொடுத்தேன். நீ ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அம்மா, நைனா குடுத்த எளநீரு மட்டும் ஆரஞ்சு கலர்ல கீதும்மா" என்று கத்தினாய். மூன்று நாள் எனக்குத் தனிப்பந்தி. அன்றைக்கு நான் செய்தது சரிதான் என்று நீ டாக்டரான பிறகு சொன்னாய். அந்த ஒரு பாராட்டு என்னைக் கெடுத்துவிட்டது. ஒருவருக்குத் தெரியாமல் செய்த காரியம் ஒரு தரம் சரியாகிவிட்டால், அப்புறம் ஒளித்துச் செய்வதே சரி என்று மனசு பழகிவிடுகிறது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான்.

இனி வருவதில் ஜோக் கிடையாது. முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. திருமுக்கூடல் குழந்தையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பதில் தானாகக் குணமாகாத அந்த ஒன்று. காய்ச்சல் விடாமல் அடித்து, ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. டைபாய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்துக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினாய். கிருமி வளரவில்லை என்று முடிவு வந்தது. டெஸ்ட்டை நம்புவதா உன் கையை நம்புவதா என்று தவித்து, பிறகு தைரியமாக டைபாய்டுக்கே வைத்தியம் பார்த்தாய். குழந்தை பிழைத்தது. ஆனால் அந்த நாட்களில் நீ சாப்பிடவில்லை. உன் கம்ப்யூட்டர் வகுப்பில் இதைக் கேள்வியாகப் போட்டாய். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது சொன்னாய்:

"நைனா, கென்யா டாக்டர் கேக்கறார், ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி யாராவது ஆன்டிபயாடிக் குடுத்துட்டாங்களான்னு. குடுத்திருந்தா கிருமி வளராதாம்."

"நீ இன்னாம்மா எழுதின?"

"சான்ஸே இல்லனு எழுதிட்டேன். பக்கத்துக் கடை எங்க நைனாவோடது, அவரு குடுக்கமாட்டார்னு."

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். மறுபடி ஊற்றிக்கொண்டேன். மூன்றாவது தரம் உங்கம்மா கரண்டியைப் பிடுங்கிவிட்டாள். வாயில் சாதம் இருக்கும்வரை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? பன்னிரண்டாவது பொட்டலம் அந்தக் குழந்தைக்குத்தான் போயிருந்தது. அன்றோடு நிறுத்தினேன். ஒரு மாதம் யோக்கியனாக இருந்தேன். அப்புறமும் இரண்டு மடித்தேன். ஒன்று யாருக்கு என்று ஞாபகம் இல்லை. இன்னொன்று கடையைத் தாண்டவே இல்லை, மாடிப்படி ஏறி நம் வீட்டுக்குள்ளேயே போயிற்று. உன் ஆய்வின் நாற்பதாவது அட்டை, உன் மூன்று வயது மகன். சொந்தப் பிள்ளைக்கே மருந்து கொடுக்காமல் பார்த்த டாக்டர் என்று உன் பேராசிரியர் பாராட்டினாரே, அந்தப் பிள்ளைக்குத்தான். திருமுக்கூடல் குழந்தையை நினைத்துப் பயந்துபோய், நீ கிளினிக்கில் இருக்கும்போது தேனில் குழைத்துக் கொடுத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டான், திருடன். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நீ சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், பைண்டு போட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, நன்றிப் பக்கத்தைத் திறந்து, தமிழில் சொன்னாய்: "தன் வருமானம் குறைந்தாலும், என் குழந்தைகள் யாருக்கும் ஒரு மாத்திரைகூடத் தராமல் ஒத்துழைத்த என் தந்தைக்கு." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து நீயும் கலங்கினாய். நாம் இருவரும் வேறு வேறு காரணத்துக்காக அழுதோம், பாப்பா.

உன் பஸ் கிளம்பியதும் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேரன் விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் திட்டவில்லை. ஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "பதினாலு பேருக்குக் குடுத்தீங்க. எத்தினி பேரு முழுங்கினாங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாம அவகிட்ட இன்னாத்த சொல்லப் போறீங்க? வண்டிய எடுங்க. வூடு வூடா போய்க் கேட்டுக்கினு வாங்க."

மூன்று நாளாக டி.வி.எஸ். ஐம்பதில் சுற்றினேன். ஆயிரம் பொய் சொல்லிப் பழகின வாயால் ஒரு உண்மையை வீடு வீடாகச் சொல்வது எவ்வளவு பேஜார் என்று இப்போதுதான் தெரிந்தது. பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய் வீட்டில் ஆரம்பித்தேன். "அத நான் போட்டுக்கினேன், சேட்டு," என்றார். என்னை அப்படித்தான் கிண்டலாகக் கூப்பிடுவார். "எனக்கும் சளி. நாஷ்டா பண்ணிட்டுப் போட்டேன், மத்தியானம் வரைக்கும் நல்ல தூக்கம். இன்னொண்ணு கீதா?" இன்னொரு வீட்டில் மாத்திரை கோழிக்குப் போயிருந்தது. வெள்ளைக் கழிச்சலாம். "கோழி பொழைச்சிக்கிச்சிண்ணே, பாக்கிறியா?" என்று பிடித்துக் காட்டினார்கள். கோழியை உன் ஆய்வில் சேர்க்க முடியாது என்று நினைக்கிறேன். மற்றொரு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் அக்காக்காரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாத்திர படத்துல கோடு போட்டுக்கீறாங்க, குடுக்கக்கூடாதுனு அர்த்தம்" என்று தடுத்துவிட்டாளாம். ஒரு வீட்டில் குழந்தை ரெண்டு வேளையும் துப்பிவிட்டது. கொடுத்தவர்களும் இருந்தார்கள். "குடுத்தோமே, ஏன், நல்லாதான ஆச்சு?" என்று பெருமையாகச் சொன்னார்கள். அவர்களிடம், அது தானாகவே ஆகியிருக்கும் என்று உன் கால் மணி நேரப் பேச்சை எனக்குத் தெரிந்த அளவில் ஒப்பித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று.

திருமுக்கூடலுக்கு ரெண்டு தரம் போய், ஊர் எல்லையிலேயே திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் தரம் போனேன். குழந்தையின் அப்பா வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி, ஆமாம், ரெண்டு வேளையும் கொடுத்தேன் என்றாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"அதனாலதான் டெஸ்ட்டுல ஒண்ணும் தெரியலியா?"

"ஆமாம்."

"டாக்டரம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இதோ பாரு. அந்தம்மா அன்னிக்கு எங்க ரெண்டு பேரு எதிர்ல கைய கூப்பிச்சி. எம்மேலதான் தப்பு, மொதல்லயே கண்டுபுடிச்சிருக்கணும்னு கண்ணு கலங்கிச்சி. நீ எங்ககிட்ட வந்து நிக்காத. மொதல்ல போய் அதுகிட்ட சொல்லு."

நீ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது எனக்குத் தெரியாது. என் தப்புக்கு நீ கை கூப்பியிருக்கிறாய். வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலாற்றுப் பாலம் வரை நடந்தேன். பெட்ரோல் இருந்தது.

கடைசியாகப் பெருநகர். முதல் பொட்டலத்துக்காரி. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கேட்பதற்குள் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து நீட்டினாள். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"குடுக்கலியா?"

"இல்லண்ணே. எங்க மாமியாகிட்ட காட்டிட்டு வச்சிட்டேன்."

"டாக்டரம்மா குடுக்கச் சொன்னாங்கனு நான் சொன்னனே?"

"அந்தம்மா கால் மணி நேரம் வாணாம் வாணாம்னு சொல்லிச்சி. மறந்துட்டாங்கனு நீ சொன்ன. அந்தம்மாவ பாத்தா மறக்கற ஆளு மாதிரியா கீது? நீ ஆசையா மடிச்சிக் குடுத்த. வாணாம்னா மூஞ்சி சுருங்கிப்பூடும். வயசானவரு, போவட்டும்னு வாங்கிக்கினேன்."

ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினேனே, அது இந்தப் பெண் போட்ட பிச்சை.

ஆகவே என் அறிக்கை இது. பதினான்கில் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏழு குழந்தைகள் விழுங்கவில்லை. ஐந்து விழுங்கின, அதில் ஒன்று திருமுக்கூடல், ஒன்று நம் வீட்டுத் திருடன். பெயரும் விவரமும் உங்கம்மா கையெழுத்தில் தனித்தாளில் உள்ளே இருக்கின்றன. மீதி இரண்டு யார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதற்காகத்தான் கண்ணாடியில் ஒட்டுகிறேன். பொங்கலுக்கும் ஆடிக்கும் இடையில், இங்கிலீஷ் எழுத்துப் போட்ட காகிதத்தில் என்னிடம் பொட்டலம் வாங்கியவர்கள் தயவுசெய்து வந்து சொல்லுங்கள். யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளலாம்.

பாப்பா, சனிக்கிழமை அந்த ஏட்டை அப்படியே கொடுத்துவிடாதே. பேராசிரியரிடம் நடந்ததைச் சொல். அப்பா என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரன் என்று சொல், அதுவும் உண்மைதான். கென்யா டாக்டருக்கும் எழுது. அவர் கேட்டது சரியான கேள்வி. இன்னொரு வருஷம் புதிதாகச் செய்யச் சொன்னால் செய். மோடத்துக்கு நான் காவல் இருக்கிறேன், மாத்திரை டப்பாவுக்கு உங்கம்மா காவல் இருக்கிறாள். சாவி நேற்றிலிருந்து அவள் இடுப்பில். இனிமேல் எந்தக் குழந்தை விஷயத்திலும், முன்னாலேயே யாராவது மருந்து கொடுத்தார்களா என்ற கேள்வியை முதலில் உன் வீட்டுக்குள் கேள். என்னைப் பார்த்துக் கேள். நான் சிரித்தால் மறுபடி கேள்.

இவ்வளவும் எழுதி, நகலை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. உன்னுடையதை உறையில் போடுவதற்குள், பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாள் கண்ணாடி எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாயா, பத்திரிக மாதிரி ஒட்டிக்கீற? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. படி."

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நடுவில் ரெண்டு தரம் சிரித்தாள். கடைசிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "அந்த ரெண்டுல ஒண்ணு நாங்கதான். எங்க பொண்ணு வயத்துப் பேத்திக்கு வாங்கினேன்."

"குடுத்தியா?"

"குடுக்காம? ரெண்டு வேளையும் வெந்நீர்ல கரைச்சி, மூக்கப் புடிச்சி, நானே குடுத்தேன். டாக்டரம்மா வாணாம்னு சொன்னது எனக்கும் தெரியும். இருந்தாலும் நீ குடுத்தா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்து பட்டியலை எடுத்தேன். விழுங்கியது ஐந்து இல்லை, பாப்பா, ஆறு. திருத்தி எழுதிக்கொள். இன்னும் ஒன்று பாக்கி. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் நைனா